ஆறு அங்குலம்

ஒரகடம் கூட்ரோடு பக்கத்தில் என் நண்பர் ஒருவர் புல்லட்டோடு விழுந்தார். வேகமாகப் போய் விழுந்திருந்தால் வெளியே சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். இவர் விழுந்தது யூ டர்ன் அடிக்கும்போது. நடக்கிற வேகம்தான். பின்னால் ஷிப்ட் முடிந்து ஆட்களை ஏற்றிவந்த கம்பெனி பஸ் ஒன்று இரண்டு முழ தூரத்தில் நின்றது. டிரைவர் தூக்கக் கலக்கத்தில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேறு தலைப்பு வைத்திருப்பேன்.

என்ன நடந்தது என்று கேட்டேன். 'நான் பிரேக்கே பிடிக்கலை. அதுவாப் பிடிச்சுது' என்றார்.

யாராவது நம்புவார்களா? நானும் நம்பவில்லை. ஆனால் அவர் சொன்னது நிஜம்.

வண்டி அவருடைய அப்பா வாங்கியது. 1968 மாடல். திருவொற்றியூரில் பிறந்த புல்லட். அதற்கு முந்தைய வாரம்தான் அதில் ஒரு புது ஹேண்டில்பார் மாட்டியிருந்தார். பழையதைவிட ஆறு அங்குலம் உயரம். உட்கார்ந்தால் சினிமா ஹீரோ மாதிரி இருந்தது என்று அவர் மனைவியே ஒப்புக்கொண்டிருக்கிறார். மெக்கானிக் ஹேண்டில்பாரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பிரேக் வயரையே இழுத்து மாட்டிக் கொடுத்தார். 'எட்டுமாப்பா?' என்று இவர் கேட்டார். 'எட்டுது சார்' என்று அவர் சொன்னார்.

எட்டியது. அதுதான் பிரச்னையே.

நான் பி.காம். படித்தவன். ஒரு பக்கம் ஏறினால் இன்னொரு பக்கம் எங்கோ இறங்கியாக வேண்டும் என்பதைத் தவிர எனக்குக் கல்லூரி வேறொன்றும் சொல்லித்தரவில்லை. ஹேண்டில்பார் ஆறு அங்குலம் ஏறியிருக்கிறது. அந்த ஆறு அங்குலத்தை எந்தக் கணக்கில் எழுதினார்கள்? இதைத் தேடிப்போனபோது கிடைத்ததுதான் நீங்கள் இப்போது படிக்கப்போகிற கதை.

முதலில் அந்த வயரைப் பார்த்துவிடலாம். பாவாடை நாடா தெரியுமல்லவா? வெளியே துணி மடிப்பு, உள்ளே நாடா. நாடாவை இழுத்தால் துணி சுருங்கும். ஏறக்குறைய அதேதான். வெளியே கம்பியை நெருக்கமாகச் சுற்றிச் செய்த உறை. உள்ளே முறுக்கிய மெல்லிய கம்பி. நீங்கள் லீவரைப் பிடித்தால் உள்கம்பி இழுபடும். ஆனால் உறை இருபுறமும் முட்டுக் கொடுத்து நின்றால்தான் அந்த இழுப்பு சக்கரம்வரை போய்ச் சேரும். உறை வளையலாம், நெளியலாம், எந்தச் சந்து வழியாகவும் போகலாம். ஒன்றே ஒன்று கூடாது. விறைப்பாக இழுபடக்கூடாது. விறைத்துவிட்டால் ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பும்போது உறை தன் இடத்தைவிட்டு நகரும். உள்ளே இருக்கிற கம்பி, யாரோ லீவரைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளும்.

யூ டர்ன். நிறைய ஒடிக்க வேண்டும். கம்பி இழுபட்டது. முன்சக்கரம் கவ்வியது. நண்பர் தரையில்.

இந்த வயரைக் கண்டுபிடித்தவர் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்கிற அயர்லாந்துக்காரர். லண்டனில் இருந்தார். 1896-ல் காப்புரிமை வாங்கினார். மனத்தில் வைத்திருந்தது மோட்டார் சைக்கிளை அல்ல, சாதாரண சைக்கிளை. அதுவரை சைக்கிளுக்கு பிரேக் என்றால் இரும்புக் கம்பிதான். நம் வீட்டு ஹெர்குலிஸை நினைத்துக்கொள்ளுங்கள். (அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1951 முதல் செய்து இறக்கிய அதே ஹெர்குலிஸ்.) ஹேண்டில்பாருக்குக் கீழே ஓடும் அந்தக் கனத்த கம்பிகளும் மூலைக்கு மூலை முட்டியும் மூட்டுமாக இருக்கும் அமைப்பும் ஞாபகம் வருகிறதா? கம்பி வளையாது. எனவே திரும்புகிற இடத்திலெல்லாம் ஒரு மூட்டு வேண்டும். பௌடன் செய்தது அந்த மூட்டுகளை எல்லாம் தூக்கிக் கடாசியதுதான். கை எங்கே இருந்தாலும் சக்கரம் எங்கே இருந்தாலும் இரண்டுக்கும் நடுவே வளைந்து போகிற ஒரு வழி.

பெரிய விடுதலை. 1904-ல் மனிதர் இறந்துபோனார். அவர் பெயர் மட்டும் இன்றைக்கும் கேபிளுக்கு இருக்கிறது. மோட்டார் சைக்கிள்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பிரேக்குக்கு ஒன்று, கிளட்சுக்கு ஒன்று, ஆக்ஸிலரேட்டருக்கு ஒன்று. பழைய புல்லட்டில் கூடுதலாக இன்னொன்று உண்டு. இடது கைப்பக்கம் குட்டியாக ஒரு லீவர், டீகம்ப்ரஸர். ஆக மொத்தம் நான்கு வயர்கள் ஹேண்டில்பாரிலிருந்து கிளம்புகின்றன. ஹேண்டில்பாரை மாற்றுகிறவர் ஒரு இரும்புக் குழாயை மாற்றுவதாக நினைக்கிறார். உண்மையில் நான்கு வயர்களின் நீளத்தைக் கலைக்கிறார்.

புல்லட் என்கிற பெயர் 1932-ல் வந்தது. இங்கிலாந்தில் ரெடிட்ச் என்று ஓர் ஊர். ஊசி செய்வதற்குப் பேர்போன ஊர். ஊசி செய்துகொண்டிருந்த நிறுவனம் ஒன்று சைக்கிளுக்கு மாறி, அதிலிருந்து முளைத்ததுதான் ராயல் என்ஃபீல்டு. இங்கே 1949-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்த வண்டிகளை வரவழைத்து விற்றது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கு நமது ராணுவத்துக்கு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது, தேர்வானது புல்லட். 1955-ல் இரண்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, திருவொற்றியூரில் பூட்டினார்கள். அறுபதுகளில் எல்லாமே இங்கேயே.

அப்போது நம் ஆட்கள் யாரும் ஹேண்டில்பாரை மாற்றவில்லை. வண்டி கிடைத்ததே பெரும்பாடு. போலீஸ்காரரும் பால்காரரும் பண்ணையாரும் கம்பெனி கொடுத்த ஹேண்டில்பாரையே பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து போனார்கள்.

மாற்றியது இங்கிலாந்துப் பையன்கள். லண்டனின் வடக்கு வட்டச் சாலையில் ஏஸ் கஃபே என்று ஒரு டீக்கடை. 1938-ல் லாரிக்காரர்களுக்காகத் திறந்தது. யுத்தத்தில் குண்டு விழுந்து, 1949-ல் மறுபடி கட்டினார்கள். ஐம்பதுகளில் அங்கே மோட்டார் சைக்கிள் பையன்கள் கூட ஆரம்பித்தார்கள். மணிக்கு நூறு மைல் தொட்டுவிடுவது அவர்களுக்கு வாழ்க்கை லட்சியம். இசைத்தட்டுப் பெட்டியில் காசைப் போட்டுவிட்டு, பாட்டு முடிவதற்குள் ஒரு சுற்றுப் போய் வந்துவிடுவார்கள் என்றொரு கதை உண்டு. எவ்வளவு தூரம் நிஜமோ. ஆனால் ஹேண்டில்பார் விஷயம் நிஜம். காற்றுக்குத் தலை குனிந்தால் வேகம் கூடும் என்று, கம்பெனி கொடுத்த உயரமான ஹேண்டில்பாரைக் கழற்றி எறிந்துவிட்டு, முன்ஃபோர்க் குழாயிலேயே கவ்விப் பிடிக்கும் இரண்டு துண்டுகளைத் தாழ்வாக மாட்டினார்கள். கஃபே ரேசர் என்கிற பெயர் இப்படி வந்ததுதான்.

இங்கே கணக்கு தலைகீழ். ஹேண்டில்பார் தாழ்ந்துவிட்டது, வயர் மிச்சம். மிச்சமான வயர் நல்லதுதானே என்று கேட்பீர்கள். ம்ஹூம். அது விளக்குக்கு முன்னால் வளையமாகத் தொங்கும். வளைவு கூடினால் உள்ளே உராய்வு கூடும். லீவரைப் பிடிக்கிற விரலின் பலத்தில் ஒரு பங்கை வழியிலேயே அந்த வளைவு சாப்பிட்டுவிடும். கூடுதல் வேகத்துக்காக ஹேண்டில்பாரைத் தாழ்த்தியவர், பிரேக்கைக் கொஞ்சம் இழந்துவிட்டுப் போகிறார்.

பையன்கள் கொல்லையில் செய்துகொண்டிருந்ததை ரெடிட்ச் கவனித்தது. 1964-ல் தானே அப்படி ஒரு வண்டியைக் கொண்டுவந்தது. கான்டினென்டல் ஜி.டி., 250 சி.சி. தாழ்ந்த ஹேண்டில்பார் கம்பெனியிலிருந்தே வரும். அதற்கேற்ற நீளத்தில் வயரும் வரும். பத்திரிகைக்காரர்கள் ஆள் மாற்றி ஆள் ஓட்டி, பிரிட்டனின் வடமுனையிலிருந்து தென்மேற்கு முனைக்கு 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றே வருடம். 1967-ல் ரெடிட்ச் தொழிற்சாலை மூடப்பட்டது. நம் நண்பரின் வண்டி திருவொற்றியூரில் பிறந்தபோது அதன் தாய்வீட்டில் பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் எதிர்த்திசை. கலிபோர்னியா ஆட்கள் ஹேண்டில்பாரை உயர்த்திக்கொண்டே போனார்கள். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகிற மாதிரி. மனிதக் குரங்கு கிளையில் தொங்குவதுபோல் இருந்ததால் அதற்குப் பெயரும் அப்படியே. 1969-ல் 'ஈஸி ரைடர்' படம் வந்து அந்த உருவத்தை உலகமெல்லாம் கொண்டுபோனது. தோளுக்கு மேல் ஹேண்டில்பார் போகக்கூடாது என்று பல மாகாணங்கள் சட்டமே போட்டன. அந்த ஊர் உயரம்தான் பல கை மாறி, கடைசியில் சென்னை ஜி.பி. ரோடு கடை வாசலில் குரோம் பளபளப்போடு தொங்கி, என் நண்பரின் கண்ணில் பட்டது.

இதுவரை சொன்னது வயர் கதை. குழாய் கதை வேறு. அதில்தான் ஆபத்து அதிகம்.

பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போகும். இதை பிரேக்குக்குக் கொண்டுவந்தவர் மால்கம் லாக்ஹீட். தம்பி ஆலனோடு சேர்ந்து விமானம் செய்தவர். தம்பி பிற்பாடு விமானக் கம்பெனியோடு பிரபலமானார், அண்ணன் பிரேக் பக்கம் வந்துவிட்டார். 1917-ல் காப்புரிமை. 1921-ல் ட்யூசன்பெர்க் காரில் நான்கு சக்கரத்துக்கும் திரவ பிரேக். ஆரம்பத்தில் ஒழுகித் தொலைத்தது. கிரைஸ்லரின் ஆட்கள் ரப்பர் அடைப்புகளைப் போட்டு அதை ஒழுங்காக்கி, 1924 முதல் தங்கள் கார்களில் பொருத்தினார்கள். இங்கே 1962-ல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா ஆரம்பித்தபோது கார், லாரிகளுக்கு இது சகஜமான விஷயம். மோட்டார் சைக்கிளுக்கு? 1969-ல் ஹோண்டாவின் சி.பி.750 வரும்வரை பெரிய அளவில் தயாரான எந்த பைக்கிலும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் கிடையாது.

நம் ஊருக்கு அது வந்த விதம்தான் வேடிக்கை. எண்பதுகளில் என்ஃபீல்டு இந்தியா, ராணிப்பேட்டைத் தொழிற்சாலையிலிருந்து ஃபியூரி 175 என்றொரு வண்டியை இறக்கியது. ஜெர்மன் சுண்டாப்பின் உரிமம். முன்சக்கரத்தில் பிரெம்போ டிஸ்க். இந்தியாவில் தயாராகி ஹைட்ராலிக் டிஸ்க்கோடு வந்த முதல் பைக் என்று இதைத்தான் சொல்வார்கள். ஜனங்கள் சீண்டவில்லை. அதே எண்பதுகளில், 1983-ல், எஸ்கார்ட்ஸ் கம்பெனி ராஜ்தூத் 350-ஐக் கொண்டுவந்தது. ஜப்பானில் அது யமஹா ஆர்.டி.350. அங்கே முன்னால் டிஸ்க் பிரேக் இருந்தது. இங்கே விலையைக் குறைக்க வேண்டும் என்று டிஸ்க்கைக் கழற்றிவிட்டு டிரம் போட்டுக் கொடுத்தார்கள். இன்ஜின் அதே சீறும் இன்ஜின். ஆர்.டி. என்ற இரண்டு எழுத்துக்கு இளைஞர்கள் 'ரேபிட் டெத்' என்று விரிவுரை எழுதிக்கொண்டார்கள். பிரேக் இருந்த வண்டியை வாங்க ஆளில்லை. வேகம் இருந்த வண்டியில் பிரேக் போதவில்லை.

இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம்வரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். காட்சி வேறு. ராயல் என்ஃபீல்டு 2013-ல் ஒரகடத்துக்கும் 2017-ல் வல்லம் வடகாலுக்கும் வந்துவிட்டது. ஒரகடம் ஆலை ஆரம்பித்த அதே வருடம் கான்டினென்டல் ஜி.டி. என்ற பழைய பெயரில், தாழ்ந்த ஹேண்டில்பாரோடு ஒரு புது வண்டி அங்கிருந்து வந்தது. 535 சி.சி., முன்னால் 300 மில்லிமீட்டர் பிரெம்போ டிஸ்க். ரெடிட்ச் முடித்த இடத்தில் ஒரகடம் ஆரம்பித்தது. அதே ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. பிரேக் பிடித்தால் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று அளப்பதற்கென்றே தளங்கள் போட்டு வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ரேஸ் டிராக். இத்தனைக்கும் நடுவே ஒரு மர நிழலில், ஸ்பேனரோடு உட்கார்ந்து 'எட்டுது சார்' என்று சொல்கிற கடைகளும் இருக்கின்றன. நான் குறை சொல்லவில்லை. மகாபலிபுரம்வரை போய்வர வேண்டியவனுக்கு அந்தக் கடைதான் ஆபத்பாந்தவன்.

ஆனால் டிஸ்க் வண்டியில் அந்த 'எட்டுது' ரொம்பவே விபரீதம். லீவருக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி டப்பா, அதிலிருந்து ரப்பர் குழாய் கீழே போகிறது. வயர் விறைத்தால் பிரேக் தானாகப் பிடிக்கும், விழுந்தாலும் காரணம் தெரியும். குழாய் விறைத்தால் உடனே ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் முனையில் இருக்கிற பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஃபோர்க் முழுசாக நீளும், அப்போது இன்னும் இழுபடும். என்றைக்கோ ஒருநாள் கசிய ஆரம்பிக்கும். அவசரமாகப் பிடிக்கும்போது வண்டியின் எடையெல்லாம் முன்னால் சாய்வதால், நிறுத்துகிற வேலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முன்சக்கரம்தான் செய்கிறது. அந்த நேரம் பார்த்து லீவர் கைப்பிடிவரை வந்து ஒட்டிக்கொண்டால்?

அதனால் விவரம் தெரிந்த கைகள் ஒரு காரியம் செய்யும். புது ஹேண்டில்பாரைத் தற்காலிகமாக மாட்டி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கை முழுசாகத் தொங்கவிட்டு, இடதுகோடிக்கும் வலதுகோடிக்கும் ஒடித்துப் பார்த்து ஒரு நூலால் அளப்பார்கள். அந்த நூல்தான் குழாயின் நீளம். குழாய் புதிது என்றால் இரு முனைகளிலும் செப்பு வாஷர்களும் புதிது. பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கித் தன் வேலையை முடித்துவிட்டது. பிறகு திரவத்தை ஊற்றி, உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் ஏர் எடுக்க வேண்டும். திரவம் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் காற்று இருந்தால் நீங்கள் பிடிக்கிற பிரேக்கெல்லாம் அதைச் சுருக்குவதற்கே போய்விடும். அந்தத் திரவத்துக்கு இன்னொரு குணம். காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி தாங்கும். ஈரம் குடித்தபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். ரொம்ப நாளாகத் திறந்து கிடந்த டப்பாவை 'பாதி இருக்கு சார்' என்று எடுத்து ஊற்றினால் சந்தோஷப்படாதீர்கள்.

2018 ஏப்ரலில் புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரலில் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா வண்டிகளுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. குழாய் இப்போது நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை, நடுவில் ஒரு பெட்டிக்குள் நுழைந்து வெளியே வருகிறது. மர நிழல் வேலை இல்லை இது.

சட்டமும் சும்மா இல்லை. தயாரிப்பாளர் நிர்ணயித்து, பதிவுச் சான்றிதழில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்றது, ஆறு மாதம்வரை சிறையும் உண்டு என்றது. எது அனுமதி, எது இல்லை என்பதில் நடுரோட்டில் நின்று போலீஸ்காரரோடு விவாதிக்கிற தைரியம் எனக்கு இல்லை.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். முழங்கை சிராய்ப்பு ஆறிய பிறகு, வயரை மாற்றுவதா ஹேண்டில்பாரை மாற்றுவதா என்று யோசித்தார். ஆறு அங்குலம் கூடுதலாக நான்கு வயரும் அளவு கொடுத்துச் செய்துவிடலாம், செலவும் பெரிதில்லை. பின்பிரேக் இரும்புத் தண்டில் ஓடுவது, அதற்கு ஹேண்டில்பாரைப் பற்றிக் கவலையே கிடையாது. மாட்டிவிடலாம் என்றுதான் முடிவு செய்தார். அப்போது யாரோ 2021-ல் வந்த விதியைப் பற்றி அவர் காதில் போட்டுவிட்டார்கள். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 'வின்டேஜ்' என்று தனிப் பதிவு. நம்பரில் 'வி.ஏ.' என்று இரண்டு எழுத்து. ஒரே நிபந்தனை, வண்டி பெருமளவு மாற்றமில்லாமல் பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும். அந்தப் பதிவு வாங்கிவிட்டால் தினமும் எடுத்துக்கொண்டு ஆபீஸ் போக முடியாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும்தான் என்பது வேறு விஷயம்.

ஒரு ஹேண்டில்பார் அவ்வளவு பெரிய மாற்றத்தில் சேருமா என்று நான் கேட்டேன். 'எதுக்கு வம்பு? அப்பா புடிச்ச ஹேண்டில்பாரையே மாட்டிடறேன்' என்றார்.

வீட்டில் தேடியிருக்கிறார். பரணில் இல்லை, மாட்டுக்கொட்டகையில் இல்லை. கடைசியில் கொல்லையில் இருந்தது. அவரைப் பந்தல் சாய்கிறது என்று அவருடைய அம்மா அதை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். கொடி இரண்டு சுற்றுச் சுற்றிப் பூவும் விட்டிருந்தது.

'தை கழியட்டும்டா. காய் பறிச்சுட்டு எடுத்துக்கோ' என்று சொல்லிவிட்டாராம் அம்மா. புல்லட் இப்போதைக்கு ஹேண்டில்பார் இல்லாமல் திண்ணை ஓரமாக நிற்கிறது. நான்கு வயர்களும் முன்னால் தொங்கிக்கொண்டிருக்கின்றன.